பி.ஆர். (நிரந்தரவாசம்) போடணும், பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவசரம்!

கண்டனூரான்: வணக்கம். பி.ஆருக்கு எல்லாம் ஏத்தியாச்சு, பிறப்புச் சான்றிதழ் மட்டும் இடிக்குது. பள்ளிக்கூட டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

செக்காலை: எந்த நாடு அண்ணே? சான்றிதழே இல்லையா, இருந்தும் அதுல பேர் ஏறலையா? ரெண்டுக்கும் வழி வேற.

பழைய உறுப்பினர்: தலைப்புல நாட்டுப் பேரைப் போடுங்கன்னு எத்தனை தடவை எழுதுறது? முதல்ல அந்த அரசாங்கத்தோட ஆவணப் பட்டியலைப் படிச்சுட்டு வாங்க தம்பி.

ரஸ்தா: எந்த நாடானாலும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிடுங்க, நம்ம ஆவணம் அசல்தான்னு வெளிநாட்டுக்குக் காட்டுற சான்று அது. இந்தியா 2005லயே அந்த ஒப்பந்தத்துல சேர்ந்தாச்சு.

செக்காலை: கையில காகிதமே இல்லைங்கிறாரு, எதுல முத்திரை குத்துறது?

கண்டனூரான்: சிங்கப்பூர். 1984ல ஊர்ல ஆயா (பாட்டி) வீட்டுலயே பிறந்தேன், யாரும் பதியலை. மனைவி, 9 வயசுப் பையனையும் சேர்த்துப் போடுறேன்.

கோட்டையூர் ஆச்சி: தம்பி, பிறந்த ஊர்ப் பேரூராட்சியில பதிவு இல்லைன்னு முதல்ல சான்று வாங்குங்க. ஒரு வருஷம் தாண்டிட்டா உத்தரவு வேணும், நமக்கு தேவகோட்டை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ். டி.சி.யை அங்கே ஆதாரமா வைங்க. உத்தரவு வந்ததும் பேரூராட்சியிலயே பதிஞ்சு தருவாக. உங்க பேரு, அப்பச்சி (அப்பா) பேரு ரெண்டும் பாஸ்போர்ட்டுல இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து வரணும். இன்ஷியலை விரிக்கிற இடத்துலதான் நம்ம ஊர்ப் பிள்ளைக மாட்டிக்கிறாக. இப்பத் தர்ற சான்று தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் வரும். மனைவிகிட்ட கையால தமிழ்ல எழுதின பழசு இருந்தா அதுக்கு மொழிபெயர்ப்பு வேணும்.

ரஸ்தா: இதுக்குக் கோர்ட்டுக்குல்ல போகணும்?

கோட்டையூர் ஆச்சி: அது பழைய சட்டம். 2023ல திருத்திட்டாக.

ஜூரோங்வாசி: பையனைச் சேர்க்கிறீங்களே, நேஷனல் சர்வீஸ், அதான் சிங்கப்பூரோட கட்டாயப் படைச் சேவை, அதைப் பத்தி யோசிச்சீங்களா? பதினாறரை வயசுல பதியணும், சேவை 2 வருஷம்.

செக்காலை: அப்பாவுக்கும் உண்டா?

ஜூரோங்வாசி: வேலை பாஸ்ல (வேலை அனுமதியில) இருந்து தானே பி.ஆர். வாங்குற அப்பாவுக்கு இல்லை. அவர் வழியா வாங்குற பையனுக்கு உண்டு.

பழைய உறுப்பினர்: இருக்கிற நாட்டுக்குச் செய்யுற கடமை அது. வந்தவரைப் பயமுறுத்தாதீங்க.

ஜூரோங்வாசி: பயமுறுத்தலை ஐயா. சர்வீஸ் செய்யாம பி.ஆரை விட்டுட்டா, பின்னாடி அங்கே படிக்கவோ வேலைக்கோ போடுற மனுவைப் பாதிக்கும். 9 வயசுலயே தெரிஞ்சு முடிவெடுக்கட்டும்னு சொல்றேன்.

ரஸ்தா: அப்ப அப்போஸ்டில் வேணாமா?

கண்டனூரான்: பேரூராட்சியில மனு கொடுத்தாச்சு. பையன் விஷயம் வீட்டுல பேசிக்கிட்டு இருக்கோம். நன்றி ஆச்சி.