ஜப்பான் துறைமுகத்துச் சின்னக் கடையில் மதியச் சாப்பாடு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நிஷிகசாய்க்காரன்:

போன பிப்ரவரியில் நடந்தது. இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். ஷிராசு என்றால் நெத்திலி, மத்தி மாதிரி மீன்களின் பொடிக் குஞ்சு. அதை வேகவைக்காமல் பச்சையாகச் சாப்பிட வேண்டும் என்று நண்பர்கள் மூன்று பேர் கமாகுரா பக்கம் கொஷிகொயே போனோம். எனோதென் ரயில் நடுத்தெருவில் கார்களோடு சேர்ந்து ஓடுமே, அந்த இடம்தான். துறைமுகத்தை ஒட்டி நாலு மேசை போட்ட கடை. உள்ளே போய் உட்கார்ந்து நாமா ஷிராசு தோன், அதாவது சோற்றின் மேல் பச்சை ஷிராசு, மூன்று என்றேன்.

கடைக்கார அம்மா ஒன்றும் பேசாமல் சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தார். ஜனவரி 1-இல் விரலை வைத்து ஒவ்வொரு வாரமாக இழுத்துக்கொண்டே போய் மார்ச் 10-இல் நிறுத்தினார். அதுவரை சகாமி விரிகுடாவில் ஷிராசு வலை போடக்கூடாது, குஞ்சு வளர விட வேண்டும். நமக்கு அது தெரியாது. வேகவைத்தது இருக்கிறது, நல்லாயிருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுந்துவிட்டோம். செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். மேசையில் எங்களுக்கு ஊற்றி வைத்த மூன்று கோப்பைத் தேநீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவர் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு குனிந்து சுமிமாசென் என்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியது நாங்கள்தானே?

கூனிப்பொடி:

எனக்கு ஷிசுவோகா பக்கம் யுய் துறைமுகம். மீனவர் சங்கமே நடத்துகிற கடை, சன்னலில் வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சக்குரா எபி ககியாகே தோன்: சக்குரா எபி என்ற பொடி இறாலை மாவில் கலந்து வடை மாதிரிப் பொரித்துச் சோற்றின் மேல் வைப்பது.

நான் தூத்துக்குடி. எங்கள் ஆச்சி காய்ந்த கூனி இறாலை உள்ளங்கையில் தேய்த்து முறத்தில் போட்டுப் புடைப்பாள், மீசையும் தூசியும் பறந்த பிறகுதான் சட்டிக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் வடையைப் பிய்த்து, நீட்டிக்கொண்டிருந்த மீசைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு தாத்தா. என்னையே பார்த்தார். அப்புறம் நான் ஓரத்தில் சேர்த்து வைத்த குவியலைச் சுட்டிக் காட்டினார். தன் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, மீசையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்க, அப்படியே வாயில் போட்டு எனக்குக் கேட்கிற மாதிரி மென்றார். மொறுமொறுவென்று அவ்வளவு சத்தம்.

கிள்ளிய மீசைகளைத் திரும்ப எடுத்து நானும் சாப்பிட்டேன். ஈறில் லேசாகக் குத்தியது, அப்புறம் இனிப்பு. மதியம் என்பதால் படகுகள் எல்லாம் சும்மா கட்டிக் கிடந்தன. ராத்திரியில்தான் இரண்டிரண்டு படகாகப் போய் ஒரே வலையை இழுப்பார்களாம். 2018 இலையுதிர்காலத்தில் இறால் குறைந்துபோய்ப் பருவம் முழுக்கத் தொழிலே நிறுத்தினார்கள். அது தெரிந்தும் கிள்ளி எறிய இருந்தேனே என்று இப்போதும் மனது கேட்கவில்லை.

நகோயா அண்ணாச்சி:

தம்பி, முதலில் உனக்கு. பச்சை ஷிராசுதான் உசத்தி என்று யார் சொன்னது? கரையிறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது நீர்விட்டுக் கசக்க ஆரம்பிக்கும். வேகவைத்த கமாஆகேதான் எந்த நாளும் ருசி. கூனிப்பொடிக்கும் ஒன்று: நம் கூனி கரையோரத்துச் சரக்கு. சக்குரா எபி சுருகா விரிகுடாவின் ஆழத்தில் பகலெல்லாம் கிடந்து இரவில் மேலே வருவது. 1894-இல் மிதவை இல்லாமல் இறக்கிய வலை தாழ்ந்துபோய்த் தற்செயலாக மாட்டியதில்தான் இந்தத் தொழிலே தொடங்கியது. இரண்டையும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

என் கதை சின்னது. சிபாவில் போசோ தீபகற்பத்துப் பக்கம் ஒரு துறைமுகத்தில் நாமெரோ சாப்பிட்டேன். அஜி என்ற பாரை வகை மீனைப் பச்சையாகவே மிசோவும் (சோயா விழுது) இஞ்சியும் சேர்த்துக் கொத்துவது. ஆடுகிற படகில் சோயா சாஸ் சிந்தும் என்று மிசோ போட்டார்கள். அன்று நள்ளிரவு வயிற்றில் கத்தி சொருகின மாதிரி வலி. மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தால் திரையில் வெள்ளை நூல் ஒன்று நெளிகிறது. டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். அனிசாகிஸ், மீனில் இருக்கிற ஒட்டுண்ணிப் புழு. வலி அந்த நிமிடமே இறங்கியது.

எல்லோரும் கவனியுங்கள். வினிகர் கொல்லும், வசாபி கொல்லும் என்பதெல்லாம் பொய். உப்புக்கும் சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைத்தால் சாகும். 60 டிகிரியில் ஒரு நிமிடம் வெந்தால் சாகும். வீட்டில் வேறு நம்பகமான வழி கிடையாது. வினிகரில் ஊறவைத்த கானாங்கெளுத்தி, அந்த ஷிமே சபாதான் அதிக ஆபத்து, ஊறிவிட்டதே என்று நம்பி விடுகிறோம். மீன் செத்த பிறகு புழு குடலிலிருந்து சதைக்கு ஏறும், அதனால் வீட்டுக்கு முழு மீன் வாங்கினால் உடனே குடலை எடுத்து ஐஸில் வையுங்கள். வெட்டிய துண்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். கணவாயிலும் உண்டு. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் மேல்வயிறு வலித்தால் சோடா குடித்துக்கொண்டு படுக்காதீர்கள். என்ன மீன், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு நேரே குழாய் விடுகிற மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைகளுக்குப் பச்சை மீன் கொடுக்கும் முன் பத்து முறை யோசியுங்கள்.

கத்சுஉரா மருமகள்:

அண்ணாச்சி, உங்களுக்கு நடந்தது கஷ்டம்தான். ஆனால் அனுபவம் கேட்ட இடத்தில் பாதிக்கு மேல் புழுதான் ஓடுகிறது. வந்த புதிதில் எனக்கும் நாமெரோ இறங்கவில்லை. பாதியில் குச்சியை வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அக்கா வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதே மீன் அபலோன் சிப்பிக்குள், அடுப்பில் சுட்டு, ஓரம் கருகி, மிசோ வாசனையோடு திரும்பி வந்தது. சங்கா யாகி. சிப்பி சூட்டில் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. சூடு ஆறும் வரை பக்கத்திலேயே நின்றார். பயமாக இருக்கிறவர்கள் போசோ போனால் சங்கா கேளுங்கள், அவ்வளவுதான்.

சென்டாய் மாணவி:

இதை எங்கேயும் சொன்னதில்லை. இரண்டு வருடம் முன்பு மார்ச் கடைசியில் இவாத்தேயில் தாரோ துறைமுகம். பழைய கடற்சுவர் 10 மீட்டர் இருந்தும் 2011 சுனாமியில் கடல் அதைத் தாண்டி வந்தது, அது தெரியும். இப்போது 14.7 மீட்டரில் புதுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கடை. கடலில் பிடித்ததைச் சாப்பிடுகிறோம், சன்னலில் தெரிவது கான்கிரீட். கடற்காக்கைச் சத்தம் மட்டும் கேட்கும்.

வகாமே என்ற கடற்பாசியின் பருவம். கடைக்காரப் பாட்டி மேசை அடுப்பில் வெந்நீர் வைத்து, பழுப்பு நிறத்தில் தோல் பட்டை மாதிரி இருந்த இலையைக் குச்சியால் பிடித்து முக்கினார். முக்கின நொடியே பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. தண்ணீருக்கு மேலே இருந்த பாதி இன்னும் பழுப்பு, கீழே பாதி பச்சை, நடுவில் கோடு போட்ட மாதிரி.

அந்த நேரத்தில் போய் நான் கேட்டேன்: "பாட்டி, கடல் தெரியாமல் இருப்பது கஷ்டமாக இல்லையா?" அவர் என்னைப் பார்க்கவில்லை. குச்சியை இன்னும் கொஞ்சம் இறக்கி மீதிப் பாதியையும் பச்சையாக்கி என் கிண்ணத்தில் வைத்தார். "சீக்கிரம் சாப்பிடும்மா, அதிகம் வெந்தால் கொழகொழவென்று போய்விடும்." அவ்வளவுதான் சொன்னார். போகும்போது ஒரு பொட்டலம் உப்பு வகாமே கொடுத்தார், காசு வாங்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றும் தெரியவில்லை.

நிஷிகசாய்க்காரன்:

மாணவி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று கொஷிகொயே போய்வந்தேன். தடைக்காலம் முடிந்துவிட்டது, ஆனால் காற்று அதிகம், படகு போகவில்லை. வாசல் பலகையில் இன்று பச்சை ஷிராசு இல்லை என்று எழுதியிருந்தது. உள்ளே போய் கமாஆகே கேட்டேன். சோற்றின் மேல் வெள்ளை வெளேரென்று குவியல், ஒவ்வொன்றிலும் கடுகை விடச் சின்னக் கறுப்புக் கண். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தேநீரை இரண்டு முறை ஊற்றினார், இரண்டையும் குடித்தேன்.