கூரையில் தெரியும் காங்கிரீட் பீம்களை அப்படியே விடலாமா?

கேள்வி:
அடுக்குமாடியில் ஒரு பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். ஹாலில் இருந்த ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தபோது மேலே மூன்று காங்கிரீட் பீம்கள் இருப்பது தெரிந்தது. கூரைத் தளத்திலிருந்து ஒன்றரை அடி கீழே இறங்கி நிற்கின்றன, காங்கிரீட் ஊற்ற அடித்த சென்ட்ரிங் பலகையின் வரிகள்கூட அப்படியே பதிந்திருக்கின்றன. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மறுபடி சீலிங் போட்டால் பீமுக்கும் கீழேதான் போட வேண்டும், கிட்டத்தட்ட இரண்டடி உயரம் போய்விடும். ஆனால் என் கணவருக்கு இது கட்டி முடிக்காத வீடு மாதிரி தெரிகிறது. நடு பீம் வேறு சரியாக சோபாவுக்கு மேலே வருகிறது. அப்படியே விட்டவர்கள் யாராவது இருந்தால் பெயின்ட், விளக்கு, ஒயர் எல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பதில் 1:
அழகு பார்ப்பதற்கு முன் ஒரு ஏணி போட்டு மூன்று பீம்களையும் முழுக்கத் தட்டிப் பாருங்கள். எங்காவது பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டாலோ, பழுப்புக் கறை இருந்தாலோ, கம்பி போகிற திசையிலேயே நீளமாக விரிசல் ஓடினாலோ உள்ளே கம்பி துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். துரு பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். அதன்மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் கறை மறையும், துரு நிற்காது. அப்படி ஏதாவது தெரிந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அப்புறம், ஒயர் பதிக்க என்று சொல்லி யாரும் பீமைக் கொத்த விடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சுமை தாங்கும் முக்கியக் கம்பிகள் பீமின் நடுப்பகுதியில் அடிப்பக்கத்தில்தான் ஓடும், அவற்றை மூடியிருக்கும் காங்கிரீட் சுமார் ஒரு அங்குலம்தான். விளக்கு மாட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டில், கம்பி எங்கே என்று கருவி வைத்துப் பார்த்துவிட்டுச் சின்னத் துளை போதும். எல்லாம் முடிந்ததும் பளபளப்பு இல்லாத மேட் சீலர் அடியுங்கள், இல்லாவிட்டால் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள், சில சீலர் காங்கிரீட்டை ஈரமான மாதிரி கருப்பாக்கிவிடும்.

பதில் 2:
நாங்கள் முதலில் பீமுக்கு அடர் சாம்பல் அடித்தோம், அது பெரிய தப்பு. கூரையே தலைக்கு மேல் இறங்கி வந்த மாதிரி இருந்தது. உங்களுக்குப் பலகை வரி பிடித்திருப்பதால் பீமில் நிறமே வேண்டாம், கூரைத் தளத்துக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை போதும். நீலம் கலந்த வெள்ளை அடித்தால் காங்கிரீட் அழுக்காகத் தெரியும். விளக்கு 3000 கெல்வின் வாக்கில், அதாவது இளமஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும். எல்இடி பட்டையை பீமின் பக்கவாட்டில் மேலே பார்க்க வைத்தால் வெளிச்சம் தளத்தில் பட்டு இறங்கும், கண் கூசாது. பீமை ஒட்டியே வெளிச்சம் விட்டால் பலகை வரி அழகாகத் தெரியும், ஆனால் கொத்தனார் அவசரத்தில் பூசிய ஒட்டுகளும் சேர்ந்தே தெரியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒயரை வெளியே தெரிகிற குழாயில் பீமின் பக்கவாட்டோடு நேர்கோடாகக் கொண்டுபோங்கள். கோடு கொஞ்சம் கோணினாலும் மொத்த வேலையும் அரைகுறையாகத் தெரியும்.

பதில் 3:
நடு பீமுக்காகக் கவலைப்படாமல் சோபாவை நகர்த்துங்கள். பீமையே எல்லையாக எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் உட்காரும் இடம், மறுபக்கம் சாப்பிடும் இடம் என்று பிரித்தால் அது அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். சுவரோரம் பீமுக்கு அடியில் இடம் இருந்தால் பீமின் அடிவரை முட்டுகிற மாதிரி புத்தக அலமாரி செய்யுங்கள், இரண்டும் ஒன்றாகவே கட்டியது போல இருக்கும். சீலிங் எடுத்ததால் எதிரொலி வரும், கனமான திரையும் தரைவிரிப்பும் இருந்தால் அடங்கும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று தட்டிப் பார்த்தோம், ஜன்னல் பக்க பீமின் மூலையில் ஒரு முழம் அளவுக்கு வெற்றுச் சத்தம், பக்கத்தில் லேசான பழுப்புக் கறையும் இருக்கிறது. பொறியாளர் சனிக்கிழமை வருகிறார், அதுவரை பெயின்ட் வேலையை நிறுத்திவிட்டோம். சோபாவையும் நகர்த்திப் பார்த்தோம். என் கணவர்தான் சாப்பாட்டு மேசையை பீமுக்கு அந்தப் பக்கம் இழுத்துப்போட்டு, இங்கேயே இருக்கட்டும் என்றார்.