‘டிஸ்டன்ஸ் டு எம்ப்டி’: ‘எஞ்சுதூரம்’ எனக்கு ஒட்டவில்லை

குழுவினருக்கு வணக்கம்.

‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று கார் முகப்பில் காட்டுகிற எண்ணுக்கு, அதாவது ‘டிஸ்டன்ஸ் டு எம்ப்டி’க்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: எஞ்சுதூரம், மீதித் தொலைவு, வீச்சு. ‘வெறுமைக்கான தூரம்’ என்று நாலாவதாக ஒன்றும் வந்தது. அனுப்பியவரே மறுநாள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், நல்லது. பெரும்பாலோர் எஞ்சுதூரத்துக்குக் கை தூக்கியிருக்கிறீர்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் பொருந்தவில்லை என்பது என் கட்சி.

நான் இருப்பது மஞ்சக்குப்பத்தில். கடலூர்க்காரர்களுக்கும் இந்த எண்ணுக்கும் ஒரு தனி உறவு உண்டு. தென்பெண்ணையைத் தாண்டி முள்ளோடை போனால் புதுச்சேரி எல்லை. அங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோலும் விலை குறைவு. அதனால் வண்டியில் எண்ணெய் இறங்கினாலும் உள்ளூர் பங்க்கில் இருநூறு ரூபாய்க்கு மேல் போட மனசு வராது. ‘பாண்டி பக்கம் போகும்போது நிரப்பிக்கலாம்’ என்று தள்ளிக்கொண்டே போவோம். எத்தனை நாள் தள்ளலாம் என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

போன வைகாசியில் சிதம்பரத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். எழுபதுக்கு மேல் போகாத ஓட்டம், நல்ல சாலை. கடலூருக்குள் நுழையும்போது திரையில் 38. கன்னியக்கோயில் பங்க் வரை தாராளம் என்று கணக்குப் போட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் திருவிழாக் கூட்டம். லாரன்ஸ் சாலையை ஒட்டி நாற்பது நிமிடம் நகரவே இல்லை. வெயிலுக்கு ஏசியை நிறுத்தவும் முடியவில்லை, பின்சீட்டில் அம்மா. மூன்று கிலோமீட்டர்கூட ஓடவில்லை, 38 என்பது 21 ஆகிவிட்டது. ஆல்பேட்டை வருவதற்குள் எண்ணே மறைந்து மூன்று சிறு கோடுகள் வந்தன. பாலத்தின் மேல் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மிச்சம் பிடிக்கப் பார்த்தது ஐம்பதோ நூறோ ரூபாய்.

அன்று கார் பொய் சொன்னதா? இல்லை. அது என்ன சொல்கிறது என்பதை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். இப்போது ‘எஞ்சுதூரம்’ என்ற சொல்லை வைத்தால் எல்லாருக்கும் அதே தப்பைச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகும்.

அந்த எண் வரும் வழியைப் பாருங்கள். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அதன் கை ஏறி இறங்கும்போது மின்தடை மாறும், அதிலிருந்து எத்தனை லிட்டர் இருக்கிறது என்று கார் தெரிந்துகொள்ளும். டேங்க் ஒன்றும் சதுரப் பெட்டி இல்லை. பின்சீட்டுக்கு அடியில் கிடைத்த இடத்துக்குத் தகுந்தபடி நெளித்துச் செய்தது. உள்ளே பெட்ரோல் அலையடிக்கும், வண்டி சாய்ந்தால் ஒரு பக்கம் ஒதுங்கும். அதனால் மிதவை சொல்வதை உடனே நம்பாமல், சற்று நேரம் பார்த்துச் சராசரி எடுத்துத்தான் ஏற்றுக்கொள்ளும். இன்னொரு பக்கம், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துச் செலவான பெட்ரோலைக் கணக்கிடும். கடைசியாக ஓடிய கொஞ்ச தூரத்துக்கு என்ன மைலேஜ் என்பது அதில் தெரிந்துவிடும். இருப்பு லிட்டரை இந்த மைலேஜால் பெருக்கினால் திரையில் தெரிகிற எண். 35 லிட்டர் நிரப்பி, அதற்கு முன் நெடுஞ்சாலையில் 18 கொடுத்துக்கொண்டு வந்திருந்தால் 630 காட்டும். ஊருக்குள்ளேயே சுற்றி 13 கொடுத்த வண்டியில் அதே 35 லிட்டர் நிரப்பினால் 455 காட்டும். டேங்கும் அதே, பெட்ரோலும் அதே.

என் 38-இன் கதையும் இதுதான். ஏறக்குறைய 2.2 லிட்டரை சிதம்பரம் சாலையின் மைலேஜால் பெருக்கி வந்த எண் அது. ஏசியோடு நின்ற இடத்தில் ஓடும் சின்ன கார் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். ஒரு பக்கம் இருப்பு குறைந்தது, மறுபக்கம் தூரமே ஓடாததால் மைலேஜும் சரிந்தது. பெருக்கலில் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் எண் படியில் உருண்ட மாதிரித்தான் விழும். கடைசியில் வந்த கோடுகளுக்கும் காரணம் உண்டு. அடிமட்டத்தில் மிதவையின் கணக்கு நம்பத்தக்கது அல்ல என்பதால் பல கார்கள் அங்கே எண் காட்டுவதை நிறுத்திவிடுகின்றன. எண் மறைந்த பிறகும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும்தான். ஆனால் அதை நம்பி ஓட்டிப் பழகாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

மீதி என்பது கழித்தல். கார் செய்வது பெருக்கல். இதுதான் என் முதல் ஆட்சேபம்.

இரண்டாவது இன்னும் வலுவானது. ஏற்காட்டுக்கு ஏறிப் பாருங்கள், எண் மளமளவென்று குறையும். திரும்பி இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இஞ்செக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும். செலவில்லாமல் தூரம் ஓடுவதால் மைலேஜ் ஏறும். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வரும்போது, மேலிருந்து கிளம்பியபோது காட்டியதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓட ஓடக் கூடுகிற ஒன்றை எப்படி ‘எஞ்சியது’ என்பது? பந்தியில் சோறு எஞ்சும், பரிமாறப் பரிமாற அதிகமாகாது.

‘வீச்சு’ புள்ளியியலுக்கும் ஏவுகணைக்கும் ஏற்கெனவே போய்விட்டது. தவிர, வீசிய பொருள் போய் விழும். கார் போய் விழ வேண்டாம்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் ஆட்கள் என்ன கேட்கிறார்கள்? ‘இருக்கிற எண்ணெய் பாண்டி வரை தாங்குமா?’ பழைய பைக்குகளில் டேங்குக்கு அடியில் ஒரு திருகு இருக்குமே, வண்டி இருமி நின்றதும் குனிந்து ரிசர்வுக்குத் திருப்புவோம். உள்ளே உயரத்தில் ஒரு குழாய், தாழ்வில் ஒரு குழாய், அவ்வளவுதான் அதன் நுட்பம். அப்போதும் பின்னால் உட்கார்ந்தவர் கேட்டது, ‘ரிசர்வுல எவ்வளவு தூரம் தாங்கும்?’ போனுக்கும் அப்படியே: ‘சார்ஜ் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டேங்குது.’ சொல் வாயில் தயாராக இருக்கிறது. எனவே ‘தாங்குதூரம்’.

இதில் எனக்குப் பிடித்தது இலக்கணம். தாங்குதூரம் வினைத்தொகை, காலம் கரந்த பெயரெச்சம். அந்த எண்ணிலும் மூன்று காலம் ஒளிந்திருக்கிறது: மைலேஜ் நேற்றையது, பெட்ரோல் இன்றையது, சாலை நாளையது. இவ்வளவு கச்சிதமாக ஒரு கலைச்சொல் அமைவது அரிது. ‘எஞ்சுதூரமும் வினைத்தொகைதானே’ என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், ஆனால் எஞ்சு என்று சொன்னதும் ஏதோ ஒன்று அளந்து வைத்திருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. தாங்கு என்றால் ‘தாங்குமா?’ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. வரட்டும், இந்த எண்ணுக்கு அது வேண்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து

* * *

தம்பி,

கடிதம் பார்த்தேன். நான் பணி ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளன், இருப்பது முத்தியால்பேட்டை. தாங்குதூரம் என்றதும் எனக்குக் கார் நினைவு வரவில்லை, பாலத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் வந்தது. மண்ணின் தாங்குதிறன் என்று எங்கள் துறையில் வேறு இருக்கிறது. இதை யோசியுங்கள்.

இன்னொன்று. வீட்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறோம். விற்பனைத் தாளில் ஒரு எண், திரையில் ஒரு எண், கடற்கரைச் சாலையில் பேத்தியை ஏற்றிக்கொண்டு இரண்டு சுற்றுப் போனால் நிஜத்தில் ஒரு எண். மூன்றுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் விற்கிறவருக்குத்தான் கொண்டாட்டம்.

* * *

ஐயா,

பாலத்துக்கு நம்மிடம் ‘கண்’ இருக்கிறதே. பத்துக் கண் பாலம், பதினைந்து கண் பாலம் என்றுதானே ஊரில் எண்ணுகிறோம்? அந்த அழகான சொல்லைத் தள்ளிவிட்டு யாரும் தாங்குதூரத்தை அங்கே கொண்டுபோக மாட்டார்கள் என்று நம்புகிறேன். தாங்குதிறனில் வருவது சுமையைத் தாங்குவது, இங்கே வருவது இருப்பு தாங்குவது. ஒரு வினைக்கு இரண்டு துறையில் வேலை இருப்பது புதிதல்ல.

இரண்டாவதாகச் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். என் கடிதத்தில் அது விட்டுப்போய்விட்டது. விற்பனைத் தாளில் வருவது, வண்டியை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி, வகுத்துவைத்த வேகப் பட்டியல்படி ஓட்டிப் பெற்ற எண். எதிர்க்காற்றும் கிடையாது, லாரன்ஸ் சாலையும் கிடையாது. அதைச் ‘சான்றுத் தாங்குதூரம்’ எனலாம். திரையில் வருவது ‘கணிப்புத் தாங்குதூரம்’. நிஜத்தில் ஓடியதற்குத் தனிச் சொல் தேவையா என்று தெரியவில்லை, ‘ஓடிய தூரம்’ போதாதா?

‘கணிப்பு’ என்ற அடையைத் திரையில் இடம் இல்லை என்று வெட்டிவிடுவார்கள். அப்படியானால் குறைந்தது எண்ணையாவது முழுப் பத்துகளாகக் காட்டலாம். 43 என்று ஒற்றை கிலோமீட்டர் வரை காட்டினால் அளந்து சொன்னது போல ஒரு மயக்கம் வருகிறது. பழைய பெட்ரோல் முள் இந்த விஷயத்தில் யோக்கியம், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பட்டியலுக்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

தாங்குதூரம்: வண்டியில் உள்ள எரிபொருளோ மின்னேற்றமோ, அண்மைய செலவு விகிதத்திலேயே தொடர்ந்தால், எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கணிப்பு. ஓட்டும் விதம், ஏற்ற இறக்கம், நெரிசல், ஏசி ஆகியவற்றால் கூடவோ குறையவோ செய்யும்.

தூரமா தொலைவா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வாயில் வருவது தூரம் என்பதால் அப்படி வைத்தேன். தொலைவுதான் வேண்டும் என்பவர்கள் ‘தாங்குதொலைவு’ என்று அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.