உளவியலாளர் உரிமம்: நேராக முனைவர் படிப்பா, முதலில் முதுகலையா?

நிலவன்:
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துவருகிறேன். உரிமம் பெற்ற உளவியலாளராகி, பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு உளச்சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நேராக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் என் பேராசிரியர். உளநல ஆலோசகராகப் பணிபுரியும் உறவினர் ஒருவரோ, முதுகலையை முடித்து வேலையில் சேர்ந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஆய்வில் எனக்கு வெறுப்பில்லை. அதுவே வாழ்க்கை என்னும் அளவுக்குப் பற்றும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் இரு பக்கத்தையும் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.

செங்காந்தள்:
பேராசிரியர் சொல்வதே சரி. இந்தத் திட்டத்தை உரிமத்திலிருந்து பின்னோக்கி வகுக்க வேண்டும். உரிமம் வழங்குவது மாநில வாரியம். பெரும்பாலான மாநிலங்களில் அது கேட்பவை மூன்று: முனைவர் நிலைப் பட்டம், மேற்பார்வையில் பணியாற்றிய மணிநேரங்கள், உளவியலாளராகத் தொழில் செய்வதற்கான இ.பி.பி.பி. (EPPP) தேர்வில் தேர்ச்சி. அந்தத் தேர்வில் 225 வினாக்கள் உண்டு. அவற்றில் 175-க்கே மதிப்பெண். தனித்துத் தொழில் செய்வதற்குப் பரிந்துரைக்கப்படும் தேர்ச்சி அளவு 500; இது சரியான விடைகளின் எண்ணிக்கை அல்ல, அதை வேறோர் அளவுகோலுக்கு மாற்றிய மதிப்பெண். ஆனால் தேர்வு கடைசிப் படி. பலர் தடுக்கி விழுவது முதல் படியில், அதாவது எந்தப் பட்டத்தை எந்த நிறுவனத்தில் பெறுவது என்னும் முடிவில்தான். அமெரிக்க உளவியல் கழகத்தின், அதாவது ஏ.பி.ஏ.-வின், அங்கீகாரம் பெற்ற முனைவர் படிப்பில் சேருங்கள். பட்டம் பெறுமுன் ஓராண்டு செய்ய வேண்டிய உள்ளகப் பயிற்சியையும் (internship) அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே செய்யுங்கள். பிறகு எந்த மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தாலும் பட்டத்தின் தகுதியைக் குறித்து யாரும் உங்களைக் குடைய மாட்டார்கள்.

மாறன்:
செங்காந்தள் கூறும் விதிகளில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் மறுப்பு. நிலவன் செய்ய விரும்புவது உளச்சிகிச்சை. அதற்கு உளவியலாளர் உரிமம் கட்டாயமில்லை. உளநல ஆலோசகர், குடும்பநல சிகிச்சையாளர், மருத்துவ சமூகப் பணியாளர் ஆகிய உரிமங்கள் முதுகலைப் பட்டத்துடன் கிடைப்பவை. படிப்புக்கு இரண்டு மூன்று ஆண்டுகள், அதன்பின் ஊதியத்துடன் மேற்பார்வையில் பணி. பேரதிர்ச்சிக்கென உருவாக்கப்பட்ட சிகிச்சை முறைகளை இவர்களும் முறையாகக் கற்று வழங்குகிறார்கள். முனைவர் வழியோ, உள்ளகப் பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும். பல மாநிலங்களில் பட்டத்திற்குப் பிறகும் மேற்பார்வைக் காலம் உண்டு. கலிஃபோர்னியாவில் மொத்தம் 3,000 மணிநேரம் தேவை, அதில் பாதியேனும் பட்டத்திற்குப் பின் செய்ததாக இருக்க வேண்டும். ஆய்வே வாழ்க்கையில்லை என்று சொல்லும் ஒருவரை இத்தனை ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் அமர்த்துவது எந்த வகையில் நியாயம்?

செங்காந்தள்:
மாறன் அவர்கள் கேள்வியையே மாற்றிவிட்டார். நிலவன் கேட்டது உளவியலாளர் உரிமத்தைப் பற்றி. நரம்புளவியல் மதிப்பீடு, நீதிமன்றத்திற்கான மதிப்பீடு, பயிற்சி மாணவர்களின் மேற்பார்வை, மருத்துவமனைகளில் சிகிச்சைத் திட்டங்களுக்குத் தலைமை ஆகியவை பெரும்பாலும் இந்த உரிமம் உள்ளவர்களிடமே செல்கின்றன. "முதலில் முதுகலை, பிறகு முனைவர்" என்னும் யோசனையில் யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு செலவும் இருக்கிறது. முதுகலையில் படித்த பாடங்களை முனைவர் திட்டங்கள் பெரும்பாலும் முழுமையாக ஏற்பதில்லை. சிலவற்றிலிருந்து மட்டும் விலக்கு அளிக்கும், ஆண்டுக் கணக்கு பெரிதாகக் குறையாது. ஆலோசகர் உரிமத்திற்காகச் செய்த மேற்பார்வை மணிநேரங்களையும் உளவியலாளர் உரிமத்திற்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே முதுகலை என்பது அந்தச் சாலையின் முதற்பாதி அல்ல; வேறொரு சாலை.

யாழினி:
இருவரும் பி.எச்.டி. ஒன்றையே முனைவர் பட்டமாக வைத்துப் பேசுகிறீர்கள். ஆய்வைவிடச் சிகிச்சையை நாடுபவர்களுக்காகவே தோன்றியது சை.டி. (Psy.D.) என்னும் இன்னொரு உளவியல் முனைவர் பட்டம். 1949-இல் போல்டர் மாநாட்டில் வகுத்த பயிற்சி முறை, உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேர இருக்க வேண்டும் என்றது. அது எல்லோருக்கும் பொருந்தாது என்ற எண்ணம் வலுப்பெற்று, 1968-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் சை.டி. படிப்பு தொடங்கியது, 1973-இல் வெய்ல் மாநாடும் தொழில்முறைப் பயிற்சிக்கு முதலிடம் தரும் பாதையை ஏற்றது. உரிம வாரியத்தைப் பொறுத்தவரை இரண்டும் முனைவர் பட்டங்களே. ஆய்வில் மிதமான ஈடுபாடும் சிகிச்சையில் மிகுந்த ஈடுபாடும் உள்ள நிலவனைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் அதை உருவாக்கினார்கள்.

மாறன்:
வரலாறு சரி, கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பல்கலைக்கழகங்களில் உள்ள பி.எச்.டி. திட்டங்களில் பல, கட்டணத்தை நீக்கி உதவித்தொகையும் தருகின்றன. அதனாலேயே ஆண்டுக்கு ஒருசிலரை மட்டும் சேர்க்கின்றன. சை.டி. திட்டங்களில், குறிப்பாகத் தனித்தியங்கும் தொழிற்கல்லூரிகளில், சேர்க்கை எண்ணிக்கை பெரியது, உதவித்தொகை அரிது, கடன் கனமானது. கடன் சுமையோடு தொழில் தொடங்குபவருக்கு எளியவர்களுக்குச் சேவை செய்யும் மையத்தில் வேலைபார்க்கும் சுதந்திரம் எங்கே எஞ்சும்?

யாழினி:
எல்லா சை.டி. திட்டங்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். பல்கலைக்கழகத் துறைகளுக்குள்ளேயே இயங்கி, சிறிய எண்ணிக்கையில் மாணவர்களைச் சேர்த்து, ஓரளவு நிதியுதவி தருபவையும் உண்டு. பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதுவதைவிட, திட்டம்தோறும் உள்ள எண்களைப் பார்ப்பதே முறை. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் திட்டமும் படிப்பை முடிக்க ஆகும் ஆண்டுகள், மொத்தச் செலவு, இடைநின்றவர்கள், உள்ளகப் பயிற்சியில் இடம்பெற்றவர்கள், உரிமம் பெற்றவர்கள் ஆகிய விவரங்களைத் தன் தளத்தில் வெளியிட்டாக வேண்டும். இந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் விண்ணப்பிப்பவர்கள் இருப்பது எனக்கு இன்றுவரை வியப்பு.

செங்காந்தள்:
அதில் யாழினியுடன் முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்த அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளகப் பயிற்சி வரிசை. அங்கீகாரம் பெற்ற பயிற்சியிடங்களில் எத்தனை விழுக்காட்டினர் சேர்ந்தார்கள் என்பது, அந்தத் திட்டத்தின் பயிற்சித் தரத்தை நாடே பார்த்து இட்ட மதிப்பெண். 2010-களின் தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களுக்குப் போதுமான இடங்கள் இல்லாமல், பாடங்களையெல்லாம் முடித்தும் ஓராண்டு காத்திருந்த மாணவர்கள் பலர். நெருக்கடி இப்போது தணிந்திருக்கிறது. ஆனால் பயிற்சியில்லாமல் பட்டம் இல்லை என்பது மாறவில்லை.

நிலவன்:
அனைவருக்கும் நன்றி. நான் மாணவர் விசாவில் இருப்பவன் என்பதை முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். அது எதையாவது மாற்றுமா?

செங்காந்தள்:
மாற்றும். உளவியலாளர்களுக்கு மிகப் பெரிய அளவில் பயிற்சி தரும் அமைப்புகளில் ஒன்று, முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகள். பேரதிர்ச்சி சிகிச்சையில் அவை பெயர்பெற்றவை. ஆனால் அங்கே உள்ளகப் பயிற்சிக்கு அமெரிக்கக் குடியுரிமை தேவை. உங்களுக்கு மிகப் பொருத்தமான கதவுகள் சில இப்போதைக்கு மூடியிருக்கின்றன. ஆகவே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்குமுன், அங்கு படித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கெங்கு பயிற்சி பெற்றார்கள் என்று பயிற்சி இயக்குநரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதிலே. விசா காரணமாகவும், நிதியுதவியுள்ள பி.எச்.டி.யே உங்களுக்கு ஏற்றது என்று கருதுகிறேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு அரசின் கல்விக்கடன் கிடைக்காது.

மாறன்:
இந்தத் தகவலுக்குப் பிறகு முதுகலை வழியை முன்போல் வற்புறுத்த மாட்டேன். படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி குறுகியது, மேற்பார்வை மணிநேரங்களோ அதற்குள் அடங்குவது கடினம். ஆயினும் இறுதியாண்டிலேயே விண்ணப்பிப்பதை இப்போதும் எதிர்க்கிறேன். இளங்கலையிலிருந்து நேராக வருபவர்கள், இரண்டாண்டு முழுநேர ஆய்வு உதவியாளராக இருந்தவர்களோடு போட்டியிடுகிறார்கள். ஒருசில இடங்களே உள்ள திட்டத்தில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். இந்தக் கோடையிலேயே பேரதிர்ச்சி ஆய்வு நடக்கும் கூடம் ஒன்றில் சேருங்கள். புள்ளியியல், ஆய்வு முறையியல், பிறழ்நிலை உளவியல், உயிரியல்சார் உளவியல் ஆகிய பாடங்களை முடியுங்கள். பட்டத்திற்குப் பிந்தைய வேலை அனுமதி பொதுவாக ஓராண்டே. அதை ஆய்வு உதவியாளர் பணியில் செலவிட்ட பிறகு விண்ணப்பியுங்கள்.

செங்காந்தள்:
இறுதியாண்டிலேயே பத்துப் பன்னிரண்டு திட்டங்களுக்கு விண்ணப்பித்து, கிடைக்காவிட்டால் மாறன் சொல்லும் ஓராண்டை எடுத்துக்கொள்ளலாமே. மறுப்பு வந்தால் இழப்பு விண்ணப்பக் கட்டணம் மட்டும்.

மாறன்:
பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர்களின் பொறுமையும் இழப்புதான். உங்கள் ஆர்வத்தோடு பொருந்தும் ஆய்வு வழிகாட்டிகளைக் கொண்ட திட்டங்கள் நான்கைந்துக்கு மேல் இல்லையென்றால், அவற்றுக்கு மட்டும் இறுதியாண்டில் விண்ணப்பியுங்கள், நிலவன். மற்றவற்றுக்கு அடுத்த ஆண்டு.