புதுப்பிப்பு: கத்தரியில் மாவுப்பூச்சி, இப்போதைய நிலைமை

ஆடிப்பட்டத்தில் முதன்முறையாக மாடித்தோட்டம் போட்டேன், கத்தரி இலையடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, ரசாயன மருந்தில்லாமல் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அது மாவுப்பூச்சியேதான்.

வேப்பெண்ணெய் முதலில் வேலை செய்யவில்லை. தப்பு என்னுடையது. எண்ணெயை அப்படியே தண்ணீரில் ஊற்றியதால் மேலே மிதந்தது. அப்புறம் 5 மில்லி எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் நன்றாக அடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்ததும் பால் மாதிரி வெளுத்தது. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தேன். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

ஆனால் நிஜமான திருப்பம் எறும்பைக் கவனித்ததுதான். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகளே அதைக் காவல் காக்கின்றன, செடிக்குச் செடி தூக்கியும் போகின்றன! ஒன்றோடொன்று உரசிய கிளைகளை வெட்டி, செடி வளரும் பைகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். எறும்பு வரிசை அறுந்ததும் பூச்சியும் குறைந்துவிட்டது.

ஒரு செடியைக் காப்பாற்ற முடியவில்லை. பிடுங்கி, கவரில் கட்டி அப்புறப்படுத்தினேன், உரக்குழியில் போடவில்லை. மற்ற மூன்றிலும் ஊதாப்பூ வந்திருக்கிறது.

வெண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. 48ஆம் நாள் ஏழு காய் பறித்தேன். நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. அன்று மதியம் பொரியல், ஆளுக்கு இரண்டு கரண்டி.