இரண்டாவது கீமோ முடிந்தது: அம்மாவை வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஒட்டுசுட்டான் மகள்:

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஒப்பரேசன் முடிந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். சிவப்பு மருந்து. இரண்டாவது தடவை போன வெள்ளிக்கிழமை ஏற்றினார்கள். சத்தி (வாந்தி) குறைவு, ஆனால் ஓங்காளம் விடுகிறதில்லை. மீன் பொரிக்கிற மணம் வந்தால் எழும்பி வளவுக்குள் போய்விடுகிறார். எதைச் சாப்பிட்டாலும் இரும்பு மாதிரி இருக்கிறதாம். மலமும் ஒழுங்காகப் போகிறதில்லை. நேற்றிலிருந்து உதட்டின் உள்பக்கம் புண்.

தலைமயிர் கொட்டியபிறகு படலைக்கு வெளியே வருவதே இல்லை. சொந்தத்தில் ஒருவர் தங்கள் வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்க யோசித்ததைக் கண்டுவிட்டார். அதுதான் மருந்தைவிட அவருக்கு நோகிறது. இப்போது ஒரே ஒரு ஆசை, வருகிற திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகவேண்டுமாம். நேர்த்தி வைத்திருக்கிறார். கூட்டிக்கொண்டு போகலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

விசுவமடு ரீச்சர்:

பிள்ளை, எனக்கும் அதே நோய், அதே சிவப்பு மருந்து, அதே தெல்லிப்பழை. கோயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொங்கலுக்கு வேண்டாம். மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும்தான் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கி நிற்கும். திங்கட்கிழமை அம்மாவுக்குப் பத்தாம் நாள். வற்றாப்பளையில் அன்றைக்கு நிற்கிற சனம் உங்களுக்குத் தெரியும். தூசியும் புகையும் இருமலும், தண்ணீர்ப் பந்தலில் கைமாறுகிற கோப்பையும். அடுத்த மருந்துக்கு முந்திய சில நாட்களில் அணுக்கள் திரும்பி ஏறிவிடும். அப்போது கிளினிக்கில் ஒரு சொல் கேட்டுவிட்டு, சனமில்லாத காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் புதூர் நாகதம்பிரான் கோயிலுக்குப் போனேன். நேர்த்தி பிந்தினால் அம்மாளாச்சி கோபிக்கமாட்டா.

அப்புறம் காய்ச்சல். ஓங்காளமும் புண்ணும் கஷ்டம், காய்ச்சல் ஆபத்து. இந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பாமசியில் ஒரு டிஜிற்றல் தேமாமீற்றர் வாங்குங்கள். 100.4 பரனைற், அதாவது 38 பாகை செல்சியஸ் காட்டினால், இரவு இரண்டு மணியென்றாலும் ஆஸ்பத்திரி. முதலில் பனடோலைப் போட்டுப் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். பனடோல் சூட்டை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. தெல்லிப்பழை வரைக்கும் ஓடவும் தேவையில்லை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கிட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் போய் இறங்கியவுடனே "கீமோ எடுக்கிற ஆள், காய்ச்சல்" என்று சொல்லி கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். இதைச் சொல்லாவிட்டால், எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றதும் டெங்குவா எலிக்காய்ச்சலா என்றுதான் யோசனை போகும். இவர்களுக்கு நரம்பால் அன்ரிபயோட்டிக் ஏறுவது மணித்தியாலக் கணக்கில் பிந்தக்கூடாது.

வாய்ப்புண்ணுக்கு: கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி. சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும்போதும் கொப்பளித்துத் துப்பவேண்டும். பல்தூரிகை மிருதுவானதாக இருக்கட்டும். புண் ஆறும் வரைக்கும் தேசிக்காயும் உறைப்பும் வேண்டாம். இரும்புச் சுவைக்கு எவர்சில்வர் கரண்டியை ஒளித்துவிட்டு பிளாஸ்ரிக் கரண்டி கொடுங்கள். எனக்கு அது வேலை செய்தது.

மணம் பிடிக்காவிட்டால் சாப்பாட்டை ஆறவிட்டுக் கொடுங்கள், ஆறினால் மணம் அடங்கும். இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் எனக்கு இறங்கியது. புட்டு இறங்கவே இல்லை, ஏனென்று இன்றைக்கும் தெரியாது. மூன்று நேரச் சாப்பாடு என்ற கணக்கை மறந்துவிடுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் போதும். பழஞ்சோறும் முட்டித் தயிரும் பச்சை வல்லாரைச் சம்பலும் மருந்து முடியும் வரைக்கும் இல்லை. வல்லாரை வேண்டுமென்றால் வறுத்துக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம். முற்றத்துக்குச் சாணி மெழுகுகிற பழக்கம் இருந்தால் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலம் போகாததற்கு ஓங்காளத்துக்குத் தருகிற ஒன்டன்செற்றன் குளிசையும் ஒரு காரணம். குளிசையை நிற்பாட்டாமல் கிளினிக்கில் சொல்லுங்கள், இளக்குகிற மருந்து தருவார்கள். யாராவது இலைச்சாறு கொண்டுவந்தால் வாங்கி வைத்துவிட்டு டொக்டரிடம் கேளுங்கள். ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கின்றன.

கோப்பை விசயம். புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பை, ஒரே பாய், பேரப்பிள்ளையைத் தூக்குவது, எல்லாம் சரி. மருந்து ஏற்றி இரண்டு நாளைக்கு மட்டும் சலத்திலும் சத்தியிலும் மருந்து கலந்து வரும். கழுவுகிறவர் கையுறை போட்டு, கக்கூசுக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றினால் போதும். சலம் சிவப்பாகப் போனால் பயப்படவேண்டாம், அது மருந்தின் நிறம். யோசித்த அந்த ஆளுக்கு நீங்கள் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அவர் வருகிற நேரம் அம்மாவின் கோப்பையில் நீங்கள் தேத்தண்ணி குடியுங்கள்.

மாங்குளம் தம்பி:

ரீச்சர் சொன்னதோடு பஸ் பயணம் பற்றியும் கொஞ்சம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ்ஸில் போய்வருகிறேன். முன் சீற், யன்னல் பக்கம், கையில் இரண்டு சொப்பிங் பை, ஒரு சின்னத் துவாய். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், கிறீம் கிறேக்கர் இரண்டென்றாலும் சாப்பிடட்டும். கொண்டக்டரிடம் முதலே சொல்லிவைத்தால் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவார்கள், இதுவரை ஒருவரும் முகம் சுழித்ததில்லை.

அப்பாவுக்குக் குடலில், மருந்தும் வேறு, ஒக்சாலிபிளாற்றின். அதற்குக் குளிர் ஆகாது. விடிய வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரலுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும் என்பார். ஆகவே மற்றவருக்குச் சொன்னதெல்லாம் உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள், மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒட்டுசுட்டான் மகள்:

நன்றி ரீச்சர், நன்றி தம்பி. வாசித்துக் காட்டினேன். பொங்கலுக்குப் போகவில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார், கொஞ்சம் கோபத்தோடுதான். புட்டு இறங்காத கதைக்குச் சிரித்தார், அவருக்கும் அப்படித்தானாம். ரீச்சருக்கு மயிர் திரும்ப வந்ததா என்று கேட்கச் சொன்னார். இன்னும் ஒன்று, அணுக்கள் ஏறாமல் இருந்தால் அடுத்த மருந்து தர மாட்டார்களாமே?

விசுவமடு ரீச்சர்:

வந்தது. கடைசி மருந்து முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முதலில் சுருளாக வந்தது. பிறந்ததிலிருந்து நேர்மயிர்க்காரி நான்.

ஒவ்வொரு மருந்துக்கும் முன்னர் இரத்தம் சோதிப்பார்கள். அணுக்கள் காணாதென்றால் ஒரு கிழமை தள்ளிப்போடுவார்கள். சில பேருக்கு அணு ஏறுவதற்கு ஊசி போடுவார்கள், அது போட்டால் நாரியும் எலும்பும் உளையும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடுவது நோய் கூடியதற்கு அடையாளம் இல்லை என்று அம்மாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். வாட்டில் ஒரு அம்மா இதைத் தவறாக விளங்கி அழுதுகொண்டிருந்தா, எனக்கும் அன்றைக்கு அதுதான் நடந்தது என்று பக்கத்தில் இருந்த நான் சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போக எழும்பினா.

அம்மாவின் அடுத்த மருந்துத் திகதியைத் தனிமடலில் அனுப்புங்கள். எனக்கும் அந்தக் கிழமை செக்கப் இருக்கிறது, திகதி ஒத்துவந்தால் மருந்து ஏறி முடியும் வரைக்கும் பக்கத்தில் இருக்கிறேன். தலைக்குக் கட்டுகிற பருத்தித் துணிகள் என்னிடம் சும்மா கிடக்கின்றன, கொண்டுவருகிறேன். நைலோன் கட்டவேண்டாம், இந்த வெக்கைக்கு அவிந்துபோகும்.