மறுமொழி: இக்னிஷன் – எரியூட்டலா, எரிபற்றலா?

அன்பு நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, அணுக்கரு இணைவில் (லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தருவதில்) வரும் 'இக்னிஷன்' என்ற சொல்லுக்கு இதுவரை வந்த முன்மொழிவுகளைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

> 'எரியூட்டல்' என்றே வைக்கலாம். எளிது, பழகியது.

பழகியதுதான் இடைஞ்சல். "உடல் எரியூட்டப்பட்டது" என்று நாளிதழில் படித்துப் பழகிய வாசகருக்கு, "எரியூட்டல் வெற்றி" என்று தலைப்பிட எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய தடை, அது பிறவினை என்பது. வெளியிலிருந்து ஒருவர் தீ வைக்கிறார் என்ற பொருள் அதில் இருக்கிறது.

கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் நடப்பது அதுவல்ல. மிளகளவே உள்ள ஒரு வைர உறை. அதன் உட்புறத்தில் எரிபொருளாக, ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் உறைந்த நிலையில். இந்த உறை ஒரு சிறிய உலோக உருளைக்குள் இருக்கிறது. 192 லேசர் கற்றைகள் உருளையின் இரு முனைகளிலும் நுழைந்து அதன் உட்சுவரைத் தாக்குகின்றன. உறையை அவை தொடுவதே இல்லை. சுவர் உமிழும் எக்ஸ் கதிர்கள் உறையின் மேற்பரப்பைச் சிதறடிக்க, எஞ்சியது உள்நோக்கி நசுங்குகிறது. நடுவில் இணைவு தொடங்குகிறது. ஒவ்வோர் இணைவிலும் பிறக்கும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1-ஐ நியூட்ரான் கொண்டுபோய்விடும். மீதி 3.5-ஐ வைத்திருக்கும் ஆல்பா துகள் (ஹீலியம் அணுக்கரு) உள்ளேயே சிக்கிச் சுற்றியுள்ள எரிபொருளைச் சூடேற்றும். அந்த வரவு, வெளியேறும் வெப்பத்தை மிஞ்சும் கட்டம்தான் இக்னிஷன். எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே தன்வினையில், 'எரிபற்றல்'.

> போட்டதைவிட அதிகம் கிடைப்பதுதானே இக்னிஷன்? 'ஆதாயநிலை' என்றால் எல்லாருக்கும் புரியும்.

இதை உறுதியாக மறுக்கிறேன். 2022 டிசம்பர் 5 அன்று அதே ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் கிடைத்தது. எரிபற்றலும் ஆதாயமும் ஒரே செய்தியில் வந்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 1997-ஆம் ஆண்டு அறிக்கையும் ஆதாயத்தையே அளவுகோலாக வைத்தது உண்மைதான். ஆனால் 2021 ஆகஸ்ட் 8 அன்று நடந்த சோதனையை எங்கே வைப்பது? உள்ளே போனது சுமார் 1.9, வந்தது சுமார் 1.3 மெகாஜூல். ஆதாயம் இல்லை. ஆயினும் லாசன் நிபந்தனையின்படி (வெப்பத்தின் வரவு இழப்பை மிஞ்ச வேண்டும் என்ற வரையறையின்படி) எரிபொருள் பற்றிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் ஆய்விதழில் நிறுவினார்கள். அதை 'ஆதாயநிலை' என்று எப்படி எழுதுவது?

ஆற்றல் விகிதத்துக்கு 'ஈட்டம்' என்று தனிச்சொல் வைப்போம். அதிலும் உள்ளே போன லேசர் ஆற்றலோடு ஒப்பிட்டால் 'இலக்கு ஈட்டம்', மொத்த மின்செலவோடு ஒப்பிட்டால் 'ஆலை ஈட்டம்' என்று பிரிக்க வேண்டும். 2022 சோதனையில் லேசரை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. 2025-ல் 8.6 மெகாஜூல் கிடைத்து இலக்கு ஈட்டம் 4-ஐத் தாண்டிய பிறகும் ஆலை ஈட்டம் வெகு தொலைவில் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் பள்ளிப் பிள்ளைகள் படிக்கக் கூடாது.

- - -

ஐயா, வணக்கம்.

'எரிபற்றல்' எனக்கு உடன்பாடு. கடுஞ்சூட்டில் மின்துகள்களாகப் பிரிந்த வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தில் சிறைவைக்கும் ஆய்வுகளுக்கும் அது பொருந்துமா என்று பார்த்தேன். பொருந்துகிறது. இங்கிலாந்தின் ஜெட் இணைவு உலை 2023-ல் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் தந்தது. பிரான்சின் வெஸ்ட் உலை 2025 பிப்ரவரியில் பிளாஸ்மாவை 1337 வினாடிகள் தக்கவைத்தது. இரண்டும் பெரும் சாதனைகள், இரண்டிலும் எரிபற்றல் இல்லை.

என் கேள்வி, பிரான்சில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு இணைவு உலையான ஈட்டரைப் பற்றியது. 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் இணைவாற்றல் பெறுவது அதன் குறிக்கோள். அதில் ஆல்பா துகள்கள் தரும் சூடு 100 மெகாவாட். வெளியிலிருந்து தருவதைப்போல் இரு மடங்கு. ஆனாலும் வெளிச்சூட்டை நிறுத்திவிட முடியாது. இந்த இடைநிலையைத்தான் 'பர்னிங் பிளாஸ்மா' என்கிறார்கள். 'எரியும் பிளாஸ்மா' என்று வைத்தால் எல்லாப் பிளாஸ்மாவுமே எரிவதுதானே என்று வாசகர் கேட்பார்.

- - -

அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பெயரெச்சமாக வைத்தால் அது வருணனையாகத்தான் நிற்கும், கலைச்சொல் ஆகாது. 'எரிநிலைப் பிளாஸ்மா' என்று தொகையாக்கிவிடலாம்: ஆல்பா சூடு வெளிச்சூட்டை மிஞ்சிய நிலை. அதற்கு அடுத்தது 'எரிபற்றுப் பிளாஸ்மா'. எல்லையைக் குறிக்க 'எரிபற்று வரம்பு'. ஒரே வேரிலிருந்து மூன்றும் கிளைப்பதால் மாணவர்கள் குழம்ப மாட்டார்கள்.

மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். லேசர் நுழையும் அந்த உருளைக்கு, 'ஹோல்ராம்' என்பதற்கு, இன்னும் சொல் இல்லை. உள்ளே எக்ஸ் கதிர் நிறைந்திருப்பதால் 'கதிர்க்கூடு' என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?